கண்ணுக்கு விட்ட சொட்டும் நெஞ்சில் வந்த இழுப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் 64 வயதுக்காரர். முழங்கால் வலி வரும்வரை தானே பால் வெட்டியவர். ஜூலை நடுவில், ஒரு மாதத்துக்கு மேலாகத் தீராத இழுப்போடு எங்களிடம் வந்தார். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்திருக்கிறது. அப்புறம் பல வருஷமாகப் பெரிய தொந்தரவு இல்லை. பனி நாட்களில் எப்போதாவது, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை எடுப்பார், அவ்வளவுதான். பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

இழுப்பு ஏன் வந்தது என்பதற்கு வீட்டில் எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது. ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் வெயிலில் காயாது. புகைப்புரையில்தான் உலர்த்த வேண்டும். விறகும் நனைந்திருக்கும், புகை இரட்டிப்பாக வரும். அந்தப் புரை வீட்டுக்கு நேர் பின்னால். மழை, ஈரம், புகை மூன்றும் சேர்ந்தால் பழைய ஆஸ்துமா தலைதூக்கத்தானே செய்யும்? எங்களுக்கு முன்பு பார்த்த இரண்டு மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான். சால்பூட்டமாலை நாளுக்கு நான்கு முறையாக்கினார்கள், ஸ்டீராய்டு இன்ஹேலர் சேர்த்தார்கள், ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். மகன் புகைப்புரையை மூடிவிட்டு, ஷீட் போடுவதை நிறுத்திப் பாலாகவே விற்க ஆரம்பித்தார். இழுப்பு மட்டும் இறங்கவில்லை.

நாடி 54

உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 26 மூச்சு. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. நெஞ்சின் இரண்டு பக்கமும் விசில் சத்தம். ரத்தத்தில் ஆக்சிஜன் 93 சதவீதம். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னபோது நிமிஷத்துக்கு 180 லிட்டர். அவர் உயரத்துக்கும் வயதுக்கும் 450ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். இதெல்லாம் ஆஸ்துமாவுக்குப் பொருந்தியது. பொருந்தாதது நாடி ஒன்றுதான்.

மூச்சுக்கு இப்படித் தவிக்கும் ஒருவருக்கு நாடி 100ஐத் தாண்டி ஓடும். அதிலும் காலையிலிருந்து சால்பூட்டமாலை அடித்துக்கொண்டே இருந்தவருக்கு விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இவருக்கு இரண்டுமே இல்லை. கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தோம். தாள் அசையவே இல்லை. நெபுலைசரில் சால்பூட்டமால் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதச் சொன்னால் 190. கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். அடுத்து இப்ராட்ரோபியம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் 250.

ஆஸ்துமாவில் வழக்கமாக இதற்கு நேர்மாறாக நடக்கும்: சால்பூட்டமால் சட்டென்று கேட்கும், இப்ராட்ரோபியம் அதற்குத் துணையாக இருக்கும். இரண்டு மருந்தும் தளர்த்துவது மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் ஒரே தசையைத்தான். ஆனால் சால்பூட்டமால், செல்லின் மேல் இருந்து சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் பீட்டா-2 என்ற ஏற்பியைத் தூண்டித் தளர்த்துகிறது. இப்ராட்ரோபியமோ, தசையைச் சுருக்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் வந்து உட்காரும் மஸ்கரினிக் ஏற்பியை அடைத்துவிடுகிறது. தசையே கெட்டிருந்தால் இரண்டும் தோற்றிருக்கும். சால்பூட்டமால் மட்டும் தோற்கிறது, கூடவே நாடியும் மெதுவாக ஓடுகிறது என்றால், பீட்டா ஏற்பிகளை யாரோ முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ரத்தக் கொதிப்புக்கோ கை நடுக்கத்துக்கோ பீட்டா தடுப்பு மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா?

எங்கள் நர்ஸ் கேட்டார். “பாட்டா, பிரஷர் மாத்திரை ஏதாவது எடுக்கீங்களா?”

“ஒண்ணும் இல்ல மக்களே. இந்த இழுப்புக்கு உள்ளதுதான்.”

பக்கத்தில் நின்ற மருமகள்தான் சொன்னார். “மாமா, கண்ணுக்கு விடுதத சொல்லுங்க.”

“அது கண்ணுக்கு உள்ளதாக்கும். நெஞ்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

மருமகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சின்னப் புட்டியில் டிமோலால் 0.5 சதவீதம் என்று இருந்தது. டிமோலாலும் ஒரு பீட்டா தடுப்பு மருந்துதான். மே மாதம் கண் பரிசோதனையில் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையைக் கெடுக்கும் நோய், என்று தெரிந்திருக்கிறது. கண் அழுத்தம் வலது பக்கம் 28, இடது பக்கம் 26. வழக்கமான அளவு 10 முதல் 21 வரை. காலையும் இரவும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விடச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். ஆஸ்துமா பற்றிய பேச்சு வரவில்லை. அவரும் தன்னை ஆஸ்துமாக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கவில்லை. சொட்டு மருந்து தொடங்கி மூன்றாவது வாரத்தில் இழுப்பு வந்திருக்கிறது. அதே வாரத்தில்தான் மழையும் தொடங்கியது. பழியை மழை வாங்கிக்கொண்டது.

ஒரு சொட்டு போகும் வழி

எப்படி விடுவீர்கள் என்று, வெறும் கண்ணீர்ச் சொட்டுப் புட்டியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னோம். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்தார். முதல் சொட்டு இமை மேல் விழுந்து கன்னத்தில் ஓடியது. இரண்டாவது கண்ணுக்குள் விழுந்தது. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று மூன்றாவதையும் விட்டார். எழுந்து உட்கார்ந்து படபடவென்று கண்ணைச் சிமிட்டினார். “இதுல ஒண்ணும் தெரியல்ல. மத்ததுன்னா கொஞ்ச நேரத்துல தொண்டையில கைக்கும்” என்றார்.

அந்தக் கசப்பில்தான் அவர் கேள்விக்குப் பதில் இருந்தது. கீழ் இமைக்கு உட்புறம் இருக்கும் சின்ன இடத்தில் அதிகமாகப் போனால் 30 மைக்ரோலிட்டர் திரவம் நிற்கும். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். மிச்சம் மூக்கோரம் இருக்கும் கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்குகிறது. கண்ணைச் சிமிட்டச் சிமிட்ட இன்னும் வேகமாக இறங்குகிறது. மூக்குச் சவ்வில் ரத்த நாளங்கள் நிறைய; மருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடும். மாத்திரையாக விழுங்கியிருந்தால் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே பாதியாவது சிதைந்திருக்கும். இங்கே அந்தச் சோதனைச்சாவடியே இல்லை. ஒரு சொட்டில் இருப்பது சுமார் 0.15 முதல் 0.25 மில்லிகிராம் டிமோலால்தான். ஆனால் டிமோலால் மிகச் சிறிய அளவிலேயே பீட்டா ஏற்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் மருந்து. அதையும் இவர் ஒன்றுக்கு இரண்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

இது இவருக்கு மட்டும் நடந்த அபூர்வமும் இல்லை. டிமோலால் சொட்டு அமெரிக்காவில் 1978ல் விற்பனைக்கு வந்தது. 1985 முடிவதற்குள், இந்தச் சொட்டோடு தொடர்புபடுத்தி 450 கடுமையான மூச்சு, இதயப் பாதிப்புகளும் 32 இறப்புகளும் அங்கே பதிவாகின. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாள் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

அட்ரினலினுக்கு ஒன்பது வகை

சரி, கண்ணுக்கான மருந்து நெஞ்சுக்குப் போனது எப்படி என்று தெரிந்துவிட்டது. போனால்தான் என்ன, அங்கே அதற்கு ஏன் வேலை இருக்கிறது? இந்த நிகழ்வில் எனக்குச் சுவையாகப் படும் பகுதி இதுதான்.

உடல் புதிது புதிதாகச் சமிக்ஞைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பதில்லை. ஒரே அட்ரினலினை அனுப்பி, இதயத்தை வேகப்படுத்துகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, தோலின் ரத்த நாளத்தைச் சுருக்குகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் சுருக்கவும் இன்னோரிடத்தில் விரிக்கவும் எப்படிச் செய்கிறது என்ற குழப்பம் வெகு காலம் இருந்தது. 1948ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் இருந்த ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலினையும் அதன் நெருங்கிய உறவுப் பொருட்களையும் ஒவ்வோர் உறுப்பிலும் போட்டு, எது எங்கே அதிகம் பலிக்கிறது என்று வரிசைப்படுத்தினார். உறுப்புகள் இரண்டே இரண்டு வரிசைகளில் வந்து நின்றன. ஆகவே செல்லின் மேல் இருக்கும் ஏற்பி ஒன்றல்ல, இரண்டு என்று சொல்லி, ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். 1967ல் லேண்ட்ஸும் கூட்டாளிகளும் பீட்டாவையே இரண்டாகப் பிரித்தார்கள்: இதயத்தில் மிகுந்திருப்பது பீட்டா-1, மூச்சுக்குழாயில் இருப்பது பீட்டா-2. இன்று கணக்கு ஒன்பதில் நிற்கிறது: ஆல்ஃபாவில் ஆறு, பீட்டாவில் மூன்று.

மருந்து செய்பவர்களுக்கு இந்தப் பிரிவினை பெரிய வரமாக அமைந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட ஐசோபிரினலின் இரண்டு பீட்டாக்களையும் தூண்டும். மூச்சு விரியும், கூடவே இதயமும் தறிகெட்டு ஓடும். பீட்டா-2வை மட்டும் குறிவைத்து அதன் மூலக்கூறைத் திருத்தியதில் 1969ல் சந்தைக்கு வந்ததுதான் சால்பூட்டமால். மறு திசையில், ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காக பீட்டாவைத் தடுக்கும் ப்ரொப்ரானலாலை 1964ல் தந்தார். அதற்கும் வயிற்றுப்புண் மருந்துக்குமாக 1988ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் ப்ரொப்ரானலாலுக்கு ஒன்று, இரண்டு என்ற பேதம் கிடையாது. டிமோலாலும் அந்த ரகம்தான். 2005ல் வெளியான ஓர் ஆய்வக ஒப்பீட்டின்படி டிமோலாலின் பிடிப்பு பீட்டா-2 பக்கமே கூடுதலாகச் சாய்ந்திருக்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத மருந்து தேடினாலும் கிடைக்காது.

இதில் மூச்சுக்குழாய்க்கு ஒரு பலவீனமும் உண்டு. மனித மூச்சுக்குழாய்த் தசைக்கு அட்ரினலின் வகை நரம்பு நேரடியாக வருவது அரிது; ரத்தத்தில் மிதந்து வரும் அட்ரினலினைத்தான் அதன் பீட்டா-2 நம்பியிருக்கிறது. சுருக்கச் சொல்லும் வேகஸ் நரம்போ பக்கத்திலேயே காத்திருக்கிறது. பீட்டா-2வை அடைத்தால் வேகஸின் கைதான் ஓங்கும். நல்ல நுரையீரலுக்கு இது பெரிதாகத் தெரியாது. நாற்பது வருஷம் தூங்கிய ஆஸ்துமாவுக்கு அது போதும்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? தோட்டத்திலிருந்தே எடுத்துச் சொன்னேன். ஆர்ஆர்ஐஐ 105ம் ஆர்ஆர்ஐஎம் 600ம் சாலையில் போகிறவனுக்கு ஒரே ரப்பர் மரம்தான். இலையையும் கொட்டையையும் பார்த்தால்தான் ரகம் பிரியும். பீட்டா-1ம் பீட்டா-2ம் அப்படித்தான் என்றேன். “அப்பம் இந்த மருந்துக்கு மரம் தெரியும், ரகம் தெரியாது” என்றார். நான் எழுதிவைத்திருந்த பாடக்குறிப்பைவிட அது நன்றாக இருந்தது.

ரகம் பிரிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று பின்னால் தெரியவந்தது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழுவினர் பங்கேற்று 1986ல் பீட்டா-2வின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பிரையன் கோபில்காவும் மற்றவர்களும் 2007ல் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். மறு வருஷம், கேம்பிரிட்ஜில் வான்கோழியின் பீட்டா-1 வடிவம் கிடைத்தது. லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012ல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்தால், மருந்து போய் உட்காரும் குழியில் இருக்கும் அமினோ அமிலங்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கின்றன! வேறுபாடு அதிகம் தெரிவது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுழைவாயிலில். அதனால்தான் பீட்டா-1க்கு மட்டும் என்று விற்கப்படும் மருந்துகளின் ‘மட்டும்’ அவ்வளவு கறாரானதாக இல்லை. மேலே சொன்ன 2005 ஒப்பீட்டில் பிசோப்ரோலால் பீட்டா-2வைவிட பீட்டா-1ஐச் சுமார் 14 மடங்கு விரும்பியது. அட்டினலால் ஏறத்தாழ 5 மடங்கு. மெட்டோப்ரோலால் 2 மடங்கை ஒட்டி. மாத்திரையின் அளவைக் கூட்டினால் இந்த விருப்பு வெறுப்பும் கரைந்துவிடும்.

பீட்டா-1 தடுப்பான் போதாதா?

எங்கள் மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் கேட்ட கேள்வி இது. பீட்டா-1ஐத் தேர்ந்து தடுக்கும் பெட்டாக்சலால் சொட்டு இருக்கிறதே, அதற்கு மாற்றினால் கண்ணுக்கும் ஆகும், நெஞ்சுக்கும் ஆகும் அல்லவா?

நல்ல கேள்விதான். பெட்டாக்சலால் நுரையீரலுக்கு டிமோலாலைவிடச் சாதுவானது என்பதும் உண்மை. சிக்கல் கண்ணில் இருக்கிறது. கண்ணுக்குள் நீர் சுரப்பது சிலியரி உறுப்பின் மேலடுக்குச் செல்களில். அந்தச் செல்களில் இருக்கும் பீட்டா ஏற்பிகளில் பெரும்பான்மை பீட்டா-2. கண்ணில் எதைத் தடுக்க வேண்டுமோ, நெஞ்சில் எதைத் தொடவே கூடாதோ, இரண்டும் ஒன்றேதான். எனவே பெட்டாக்சலால் நெஞ்சைக் காப்பாற்றும் அளவுக்குக் கண்ணிலும் கொஞ்சம் சுணங்குகிறது. அழுத்தத்தை டிமோலால் அளவுக்கு இறக்குவதில்லை. கடுமையான ஆஸ்துமாவில் அதையும் நம்பிக் கொடுக்க முடியாது.

தேர்ந்து செயல்படும் மருந்து என்ற பேச்சில் பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. மருந்து தேர்ந்தெடுப்பது ஏற்பியைத்தான், உறுப்பை அல்ல. ஏற்பிக்கு ஊர்ப் பெயர் தெரியாது. மூச்சுக்குழாய்த் தசையில் இருப்பது முழுக்க பீட்டா-2. ஆனால் நுரையீரலை மொத்தமாக எடுத்துக்கொண்டால் பத்தில் மூன்று பங்கு பீட்டா-1, காற்றறைகளின் சுவர்களில். இதயத்தின் கீழறையிலும் ஐந்தில் ஒரு பங்கு பீட்டா-2. நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் சிறுநீர்த் தடைக்கு எடுக்கும் டாம்சுலோசினையும் பாருங்கள். பழைய மருந்தான பிரசோசின் ஆல்ஃபா-1 எல்லாவற்றையும் தடுத்து, எழுந்து நிற்கும்போது தலையைச் சுற்றவைத்தது. டாம்சுலோசின் ஆல்ஃபா-1ஏ என்ற உட்பிரிவின் பக்கம் சாய்ந்தது, தலைசுற்றல் குறைந்தது. ஆனால் கருவிழியை விரிக்கும் தசையிலும் அதே ஆல்ஃபா-1ஏ இருக்கிறது. கண்புரை அறுவையின்போது கருவிழி துணிபோலத் தொளதொளத்துப் போவதும், அதற்கும் டாம்சுலோசினுக்கும் உள்ள தொடர்பும் 2005ல் வெளிவந்தன. புரை அறுவைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைக் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஏற்பியை எவ்வளவு நன்றாகத் தேர்ந்தாலும் மூலக்கூறின் வேறு குணம் காலை வாரிவிடலாம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பீட்டா-1ஐத் தேர்ந்து தடுக்கும் முதல் மருந்துகளில் ஒன்றான ப்ராக்டலால் 1970ல் பிரிட்டனில் வந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கும் கொடுக்கலாம் என்று மகிழ்ந்தார்கள். சில வருஷங்களில், அதை எடுத்தவர்களில் சிலருக்குக் கண் வறண்டு தழும்பேறியது, தோலும் வயிற்று உள்சவ்வும் பாதிக்கப்பட்டன. பீட்டா ஏற்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எழுபதுகளின் நடுவிலேயே திரும்பப் பெறப்பட்டது.

வேறு குடும்பத்துக்கு மாறுவது

டிமோலாலை அன்றே நிறுத்தினோம். கண் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் மறுபேச்சின்றி லாட்டனோப்ராஸ்ட் சொட்டுக்கு மாற்றினார், இரவில் மட்டும், ஒரே ஒரு சொட்டு. கண் அழுத்த மருந்தை மாற்று இல்லாமல் நிறுத்தினால், சத்தமில்லாமல் பார்வை போகும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

லாட்டனோப்ராஸ்ட் அட்ரினலின் ஏற்பிகள் இருக்கும் பக்கமே போவதில்லை. அது ப்ராஸ்டாகிளாண்டின் குடும்பத்துக்கான எஃப்பி என்ற ஏற்பியில் உட்காருகிறது. நீர் சுரப்பதைக் குறைக்காமல், சுரந்த நீர் வெளியேறும் வழியை அகலப்படுத்துகிறது. அந்த மருந்து பிறந்த விதமும் ஏற்பி வகைகளின் கதைதான். ப்ராஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா கண் அழுத்தத்தை இறக்கும் என்பதை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ பிட்டோ விலங்குகளில் காட்டினார். ஆனால் அதை அப்படியே மனிதக் கண்ணில் விட்டால் கண் சிவக்கும், மணல் விழுந்தது போல உறுத்தும். காரணம், அந்த இயற்கைப் பொருள் எஃப்பியோடு நிற்காமல் ஈபி வகை ஏற்பிகளையும் சீண்டியது. ஸ்வீடனில் அதன் வாலில் ஒரு பென்சீன் வளையத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். எஃப்பி அதை ஏற்றுக்கொண்டது, மற்றவை பெரிதாகச் சட்டை செய்யவில்லை, உறுத்தல் அடங்கியது. 1996ல் மருந்து வெளிவந்தது.

இவருடைய விஷயத்தில் ஒரு சந்தேகம் வரலாம். ப்ராஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபாவை ஆஸ்துமாக்காரர் முகர்ந்தால் மூச்சுக்குழாய் சுருங்குமே? சுருங்கும். லாட்டனோப்ராஸ்ட் சொட்டை ஆஸ்துமா உள்ளவர்களிடம் சோதித்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. அளவும் வழியும் இங்கே கைகொடுக்கின்றன: ஒரு சொட்டில் இருப்பது 1.5 மைக்ரோகிராம்தான். அதுவும் செயலற்ற எஸ்டராக உள்ளே போய், கருவிழிப்படலத்தின் நொதிகளால் பிளக்கப்பட்ட பிறகே மருந்தாகிறது. ரத்தத்துக்குத் தப்பிப் போனது 17 நிமிஷத்தில் பாதியாகிவிடும். ஏற்பியின் வகை, மருந்து உயிர்பெறும் இடம், அது தங்கும் நேரம் மூன்றும் சேர்ந்துதான் இவர் நெஞ்சைக் காப்பாற்றின. அதிலும் நேரத்தை மட்டும் வைத்தே ரகம் பிரிக்கும் மருந்தும் உண்டு. இப்ராட்ரோபியம் போலவே அடைக்கும் டையோட்ரோபியம் எம்2, எம்3 இரண்டு மஸ்கரினிக் ஏற்பிகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில்தான் பிடிக்கிறது. ஆனால் எம்2விலிருந்து நாலு மணி நேரத்துக்குள் பாதி கழன்றுவிடும். எம்3யில் அதற்கு ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். நமக்கு அடைக்க வேண்டியது எம்3. எம்2 நரம்பு முனையில் பிரேக்காக இருப்பது, அதை விட்டுவிடுவதே நல்லது.

ஐந்தாவது நாள் பீக் ஃப்ளோ 330. நாடி 76. சால்பூட்டமால் எடுத்ததும் கை லேசாக நடுங்குகிறது என்று புகார் சொன்னார். எங்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. மூன்றாவது வாரம் 370, கண் அழுத்தம் 17, 16. புகைப்புரையை மறுபடி பற்றவைக்கலாமா என்று மகன் கேட்டார். வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள் என்றோம். புகை இந்த முறை குற்றவாளி இல்லை என்பதற்காக அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

ஆகஸ்ட் கடைசியில்

முதல் புட்டி தீர்ந்து இரண்டாவது வாங்கிய மறுநாள் இரவே இழுப்பு திரும்பியது. இந்தத் தடவை மருமகள் காத்திருக்கவில்லை. புட்டியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். சீட்டில் லாட்டனோப்ராஸ்ட் மட்டும்தான் இருந்தது. கையில் இருந்த புட்டியில் அதே பிராண்ட் பெயர், வாலில் ஓர் எழுத்து கூடுதல். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் லாட்டனோப்ராஸ்ட், டிமோலால் இரண்டும் இருந்தன. தனி மருந்து கையிருப்பில் இல்லை, ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று கடையில் கொடுத்திருக்கிறார்கள். பீக் ஃப்ளோ 220, நாடி 58.

கிளாக்கோமாவில் கூட்டு மருந்துகள் சகஜம். டார்சோலமைடு, பிரிமோனிடின், பைமட்டோப்ராஸ்ட், டிராவோப்ராஸ்ட் எல்லாவற்றோடும் டிமோலால் சேர்ந்து வருகிறது. அதனால் ‘டிமோலால் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. இப்போது இவருடைய சீட்டின் மேலேயே ‘ஆஸ்துமா: டிமோலால் கலந்த எதுவும் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். சொட்டு விடும் முறையையும் மாற்றினோம்: ஒரே சொட்டு, விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் முனையை விரலால் மெதுவாக அழுத்தி, ஐந்து நிமிஷம் சிமிட்டாமல் இருக்க வேண்டும். மருந்து மூக்குக்கு இறங்குவது இதனால் வெகுவாகக் குறையும். எந்தச் சொட்டு மருந்துக்கும் இது நல்ல பழக்கம்தான்.

வேண்டுமென்று மறுபடி கொடுத்துப் பார்க்க எங்களுக்கு மனம் வந்திருக்காது. தற்செயலாக அது நடந்துவிட்டதால், மருந்துதான் காரணம் என்பதற்குச் சான்று வலுத்தது. ஒரு பாதிப்புக்கு மருந்து எவ்வளவு காரணம் என்று மதிப்பெண் போடும், 1981லிருந்து பயன்படும் நராஞ்ஜோ மதிப்பீட்டில் போட்டுப் பார்த்தோம். இதற்கு முன்பு பதிவான பாதிப்பு என்பதற்கு 1, மருந்துக்குப் பின்னால் வந்தது என்பதற்கு 2, நிறுத்தியதும் குறைந்ததற்கு 1, மறுபடி கொடுத்ததும் திரும்பியதற்கு 2, கருவியில் அளந்து உறுதி செய்ததற்கு 1. மழையும் புகையும் பழைய ஆஸ்துமாவும் மாற்றுக் காரணங்களாக இருக்கலாம் என்பதால் 1 கழிவு. மொத்தம் 6, ‘அநேகமாக மருந்தால்’ என்ற தரம். ‘நிச்சயம்’ என்று சொல்ல 9 வேண்டும். என்னைக் கேட்டால் இந்த அளவுகோல் கொஞ்சம் கஞ்சத்தனமானது.

இரண்டு தடவை நடந்ததையும் சேர்த்து, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தில் எழுதி அனுப்பினோம். 2010ல் தொடங்கிய இந்தத் திட்டத்தைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தர ஆணையம் நடத்துகிறது. மருத்துவர்கள்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேரடியாகச் சொல்லலாம். அழைக்கும்போது புட்டி கையில் இருக்கட்டும், அதில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணையும் கேட்பார்கள்.